சிட்டிசனைக் கட்டினால் கிரீன் கார்டு வந்துவிடுமா?

"அமெரிக்க சிட்டிசனைக் கட்டிக்கிட்டா பேப்பர் தானா வந்துடும்" என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர். பேப்பர் என்றால் கிரீன் கார்டு, நிரந்தரமாகத் தங்கும் உரிமை. கல்யாணம் ஒரு வழியைத் திறக்கும், உண்மைதான். அந்த வழியில் போக முடியுமா என்பது, வெளிநாட்டுத் துணை அமெரிக்காவுக்குள் எப்படி நுழைந்தார் என்பதைப் பொறுத்தது. வக்கீல் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுதான். அதைக் கேட்காமலே ஃபீஸ் பற்றிப் பேசுகிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

விசாவோடு வந்து, விமான நிலையத்தில் அதிகாரி அனுமதித்து, ஐ-94 என்ற நுழைவுப் பதிவு இருந்தால் பாதி பாரம் இறங்கியது. அதன்பிறகு விசா காலம் தாண்டித் தங்கியிருந்தாலும், அனுமதியில்லாமல் வேலை பார்த்திருந்தாலும், சிட்டிசனின் துணை என்றால் பொதுவாகச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஐ-130 (உறவைக் காட்டும் மனு), ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்), ஐ-864 (வந்தவரைத் தாங்குவேன் என்ற பொறுப்புறுதி) மூன்றையும் ஒரே கட்டாக அனுப்பலாம். 2024 ஏப்ரல் கட்டணப்படி, காகிதத்தில் அனுப்பினால் ஐ-130க்கு 675 டாலர், ஐ-485க்கு 1,440 டாலர். மருத்துவப் பரிசோதனை (ஐ-693) உறையைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்ற பழைய பழக்கம் 2024 டிசம்பரோடு போயிற்று. கூடவே வைக்காவிட்டால் கட்டு திரும்பி வரலாம். காலம் தாண்டித் தங்கியதையும் அனுமதியில்லாத வேலையையும் பொறுக்கிற இந்தச் சலுகை, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரின் துணைக்குக் கிடையாது.

மெக்சிகோ எல்லையில் யார் கண்ணிலும் படாமல் வந்தவர் பாடு வேறு. பத்து வருடக் குடித்தனம், மூன்று பிள்ளைகள், ஒழுங்காகக் கட்டிய வரி எல்லாம் இருந்தாலும், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, உள்ளே இருந்தபடி கார்டு வாங்க முடியாது. வெளியே போய்த் தூதரகத்தில் விசா வாங்கி வரவேண்டும். வெளியே கால் வைத்ததும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்துக்கொள்ளும்: சட்டவிரோதமாகத் தங்கியது 180 நாளுக்கு மேல் என்றால் 3 ஆண்டுத் தடை, ஓராண்டைத் தொட்டால் 10 ஆண்டு. ஒளிந்தே இருப்பவரை விட்டுவிட்டு, ஒழுங்குபடுத்திக்கொள்ளக் கிளம்பியவரைத் தண்டிக்கிற இதைவிடக் கோணலான ஏற்பாடு இருக்க முடியாது.

2013இல் வந்த ஐ-601ஏ மனு கொஞ்சம் ஆறுதல். கிளம்பும் முன்பே மன்னிப்புக் கேட்கலாம். சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ ஆன துணைக்கு அல்லது பெற்றோருக்கு மிகக் கடுமையான கஷ்டம் வரும் என்று காட்டவேண்டும். பிள்ளைகளின் கஷ்டம் நேரடியாகக் கணக்கில் வராது. மகனின் ஆஸ்துமாவால் தாயின் வேலை என்னாகும் என்று எழுதவேண்டும். "பிரிந்து இருக்க முடியாது" என்று உருகி எழுதும் கடிதம் போதாது. மருத்துவர் அறிக்கை, வீட்டுக்கடன் தாள், மருந்துச் செலவு எல்லாம் வேண்டும். இது மன்னிப்பது தங்கிய குற்றத்தை மட்டுமே. வேலைக்குச் சேரும்போது ஐ-9 படிவத்தில் சிட்டிசன் என்று டிக் அடித்திருந்தால், கல்யாணத்தாலும் அந்தக் கறை போகாது.

ஐ-864இல் கையெழுத்துப் போடச் சொல்லி மாமாவையோ நண்பரையோ கேட்பவர்கள் முழு விஷயத்தையும் சொல்லிக் கேளுங்கள். வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் காட்டுவதோடு பொறுப்பு முடியாது. தம்பதி விவாகரத்து செய்தாலும் தொடரும். அது முடிய, வந்தவர் குடியுரிமை பெறவேண்டும், அல்லது 40 காலாண்டு (சுமார் 10 ஆண்டு) வேலைக் கணக்குச் சேரவேண்டும், அல்லது நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகவேண்டும், இல்லாவிட்டால் மரணம்தான்.

ஆதாரம் என்றால் நம்மவர்கள் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதிகாரி தேடுவது இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டாகத் தாக்கல் செய்த வரி, மளிகையும் மின்கட்டணமும் போகிற கூட்டு வங்கிக் கணக்கு. நூறு டாலர் போட்டுத் தூங்கவிட்ட கணக்கு சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

கார்டு வரும் நாளில் கல்யாணமாகி 2 ஆண்டு நிறையவில்லை என்றால், அது 2 ஆண்டு நிபந்தனைக் கார்டு. காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்டு இருவரும் சேர்ந்து ஐ-751 போடவேண்டும். "கையெழுத்துப் போடமாட்டேன், ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுகிற கணவர்களின் ஆயுதமே இந்தப் படிவம்தான். விவாகரத்துத் தீர்ப்பு வந்திருந்தாலோ, வீட்டில் வன்முறை நடந்திருந்தாலோ, மனைவி தனியாகவே அதைப் போடலாம். வன்முறை என்றால் விவாகரத்து வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை; அந்த 90 நாள் கணக்கும் தனி மனுவுக்குக் கிடையாது.