ரெண்டு மிஸ்டு கால் வந்தால் வராதே

எங்கள் பெரியம்மா வடசென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தண்டையார்பேட்டையில் தெருவோரம் உட்கார்ந்து விற்பவர். 2004 வாக்கில் அவர் கைக்கு ஒரு நோக்கியா 1100 வந்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவருக்கு அதிலிருந்த டார்ச் லைட்தான் முதலில் பிடித்தது. பால் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்திருப்பார்.

அதில் அவர் பேசியது ரொம்பக் குறைவு. துறைமுகத்தில் வேலை பார்க்கும் மாமா, அதாவது பெரியம்மாவின் தம்பி, படகு வந்ததும் மிஸ்டு கால் கொடுப்பார். ஒன்று வந்தால் சரக்கு நிறைய, விலை இறங்கும், உடனே வா. ரெண்டு வந்தால் வராதே, இன்றைக்குக் கிராக்கி, மீன்பாடி வண்டிக் காசுகூடத் தேறாது. மாமாவுக்கு எழுத்து தெரியாது. ரெண்டாம் நம்பர் பட்டனை அழுத்திப் பிடித்தால் அக்காவுக்குப் போகும் என்று யாரோ செட் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஒரு பைசா செலவில்லை.

ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 1997 முதல் 2001 வரை கேரளக் கடற்கரையில் மத்தி மீன் விலையைத் தொடர்ந்து கணக்கெடுத்தார். செல்போன் டவர் வந்த பிறகு மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று விசாரித்துப் படகைத் திருப்பினார்கள். மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்குகிறவர்களுக்கு விலை 4 சதவீதம் போல இறங்கியது. ஏழை நாடுகளில் செல்போன் என்று யார் பேச ஆரம்பித்தாலும் இந்த மத்தி மீனைக் கொண்டுவராமல் விடமாட்டார்கள். நானும் கொண்டுவந்துவிட்டேன். நல்ல ஆய்வுதான். ஆனால் எல்லோரும் கதையை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது, நம்மைக் கூப்பிட்டாலும் நமக்குக் காசு. 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. செல்போன் வடசென்னைக்குள் வந்தது அன்றைக்குத்தான் என்பேன். அப்புறம் பத்து ரூபாய் டாப்-அப். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தது போல, போனையும் சில்லறைக் காசுக்கு நறுக்கிக் கொடுத்தார்கள். 999 ரூபாய் கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங் என்றுகூட ஒரு திட்டம் வந்தது. பேலன்ஸ் சைபராக இருந்தாலும் போன் உயிரோடு இருந்தது, மிஸ்டு கால் வந்தது.

2018 கடைசியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் போடாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும் என்றார்கள். இதற்குக் கம்பெனிகளின் பேராசையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கால் போனால், அனுப்புகிற கம்பெனி வாங்குகிற கம்பெனிக்கு நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கொடுத்துக்கொண்டிருந்தது. 2017 அக்டோபரில் அதை 14 பைசாவிலிருந்து 6 பைசாவாகக் குறைத்தார்கள், 2021 ஜனவரியில் அதுவும் போய்விட்டது. இன்கமிங் மட்டும் வாங்கும் பெரியம்மாவால் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பைசாவும் நின்றது. சரி, அது வியாபாரம். ஆனால் அதே வருடங்களில்தான் ரேஷன், கேஸ், பேங்க், ஆதார் எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த நம்பரில் கட்டினோம்.

இப்போது ரீசார்ஜ் 200 ரூபாய் வாக்கில், அதுவும் 28 நாளைக்கு. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜுக்குப் பதின்மூன்று. பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் சேர்த்து டேட்டா கொடுக்கிறார்கள். அதை என்ன குழம்பா வைப்பது? போன் கம்பெனிகளுக்கு விதி போடும் டிராய் ஆணையம் சொன்னதால் 2025இல் பேச்சுக்கு மட்டுமான திட்டம் வந்தது. 84 நாளைக்கு 450 ரூபாயை ஒட்டி. கணக்குப் போட்டால் மலிவுதான், ஆனால் 450ஐ மொத்தமாக எடுத்து வைக்க முடிந்தவர் எதற்குப் பத்து ரூபாய் டாப்-அப் போடப்போகிறார்?

போன வருடம் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. 61 நாள் விசைப்படகு போகாது. அந்த நேரம் பெரியம்மாவின் ரீசார்ஜும் தீர்ந்தது. வியாபாரமே இல்லை, யார் கூப்பிடப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். தடை முடிந்தும் முழங்கால் வலியால் எழுந்திருக்க முடியாமல் எண்ணூரில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். தொண்ணூறு நாள் சும்மா கிடந்தால் நம்பரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. எடுத்துக்கொண்டார்கள். புது சிம் வாங்கினோம்.

அதன் பிறகுதான் கூத்து. முப்பது வருடம் ஐஸிலும் செதிலிலும் ஊறிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? ரேஷன் கடை மெஷினில் விழவில்லை. "ஓடிபி வரும்மா, சொல்லு" என்றார் கடைக்காரர். ஓடிபி பழைய நம்பருக்குப் போனது. ஆதாரில் நம்பரை மாற்றப் போனால் அங்கேயும் முதலில் விரலை வை என்றார்கள். ஐந்து தடவை துடைத்துத் துடைத்து வைத்த பிறகு ஒரு விரல் எடுத்தது. உரிமைத் தொகை 1000 ரூபாய் கணக்கில் ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு காலை வியாபாரத்தை விட்டுவிட்டு பேங்க் வரிசையில் நின்றார். இது போதாது என்று, "தம்பி முன்ன மாதிரி இல்லடா, இப்பல்லாம் ஒரு மிஸ்டு கால்கூடக் குடுக்கிறதில்ல" என்று மாமா மேல் மனத்தாங்கல் வேறு.

100 கோடிக்கு மேல் இணைப்பு என்று பெருமைப்படுகிறோம். கூடைக்குப் பக்கத்தில் க்யூஆர் கோடு வைத்த மீன்காரம்மாவைப் படம் எடுத்துப் போடுகிறோம். எங்கள் தெருவிலும் இருக்கிறது, நல்லதுதான், சில்லறைச் சண்டை குறைந்தது. நான் கேட்பது ஒன்றுதான். அரசாங்கம் ஒரு நம்பரை ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ஏற்றிவிட்டால், ரீசார்ஜ் தீர்ந்தாலும் அந்த நம்பருக்கு இன்கமிங்கும் ஓடிபியும் நிற்கக் கூடாது, வேறு ஆளுக்கும் போகக் கூடாது. செலவாகும் என்றால் அந்தச் செலவை நம்பரைக் கேட்கிற அரசாங்கம் ஏற்கட்டும்.

போன வாரம் சும்மா ஒரு ஆசையில் பழைய நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். ரிங் போனது. தர்மபுரிப் பக்கம் ஒரு பையன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். மீன் கேட்டு இரண்டு மூன்று பேர் கூப்பிட்டார்களாம், கேஸ் மெசேஜும் வருகிறதாம். வைக்கப் போகும்போது கேட்டான்: "அண்ணே, காலையில நாலு மணிக்கு ஒருத்தர் ரெண்டு மிஸ்டு கால் குடுக்குறாரு. திருப்பிக் கூப்பிட்டா எடுக்கவே மாட்டேங்கிறாரு. யாருண்ணே அது?"