யாராவது ஒருத்தர் ஜாக்சன் துரையாக நிற்கணுமே

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். “விடுங்க, அவருக்கு வேற பொழப்பு இல்ல” என்று வீட்டிலும் சொன்னார்கள். விட்டிருப்பேன். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு, என்னோடு பத்தாவது படித்தவன், பதினைந்து வருடமாக ஒரு போன் செய்யாதவன், அந்தப் பதிவை எனக்கே அனுப்பி “டேய், இது நீதானே?” என்று கேட்கிறான். நானேதான். இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் குனிந்து நிற்கும் அந்த வழுக்கைத்தலை நான்தான்.

நாங்கள் நாலு பேர் மேசைமேல் பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் ஆட்டத்தின் படத்தைப் பாதியாக வெட்டி, ஒருத்தர் எங்களைக் கேலி செய்து போட்ட பதிவு அது. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் அங்கே லைக் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். ‘கோத்தகிரியில் கும்பெனிக்குக் கொடி பிடிக்கும் கிழட்டுக் குழந்தைகள்.’ மோனை நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. பாராட்டுகள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான். சண்டை என்றால் இரண்டு பக்கம் வேண்டும். யாராவது ஒருத்தர் கிழக்கிந்தியக் கும்பெனிப் பக்கம் உட்கார்ந்தால்தான் ஆட்டம். அவ்வளவுதான் விஷயம். இங்கேயே முடித்திருக்கலாம், ஆனால் மனசு கேட்கவில்லை.

ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம் போட்டோம். தமிழ்நாட்டில் அதைப் போடாத பள்ளிக்கூடம் உண்டா? கட்டபொம்மன் வேஷத்துக்கு வகுப்பில் பதினோரு பேர் கை தூக்கினோம். ஜாக்சன் துரைக்கு ஒருத்தன்கூட இல்லை. தமிழய்யா வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். அன்றைக்கு எனக்குச் சளி, மூக்கால் பேசிக்கொண்டிருந்தேன். “நீதாண்டா துரை” என்றார். முகம் முழுக்கப் பவுடர், பழைய திரைச்சீலையில் தைத்த சிவப்புக் கோட்டு. கைதட்டல் எல்லாம் கட்டபொம்மனுக்குப் போனது. எனக்கு முன்வரிசையிலிருந்து ஒரு நெல்லிக்காய் வந்து நெற்றியில் விழுந்தது. கீழே இறங்கி அழுதபோது ஐயா சொன்னார்: “நீ இல்லேன்னா அவன் யாரப் பாத்துடா பேசுவான்?” (1798ல் ராமநாதபுரத்தில் நடந்த அந்தச் சந்திப்புக்குப் பிறகு விசாரணை வைத்து, நிஜ ஜாக்சனைப் பதவியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நாடகத்தில் அது வராது.)

இப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. திரும்பவும் நெல்லிக்காய்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. மேசைமேல் ஒரு சின்ன நிலம். அதில் 28 மில்லிமீட்டர் உயரத்தில் ஆட்கள், பக்கத்துக்குப் பதினைந்து இருபது பேர். பெரிய போரெல்லாம் கிடையாது, சின்னக் கைகலப்பு. ஆளை ஆளாகத்தான் நகர்த்துவோம். எவ்வளவு தூரம் போனான் என்பதை டேப் சொல்லும். சுட்டது பட்டதா, பயந்து ஓடினானா என்பதை டைஸ் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும்போது கோத்தகிரியில் நாலு பேர் வேறு என்ன செய்வார்கள்? என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடை வரிசையில் நிற்காமல் இதைச் செய்கிறோம்.

முதலில் ஆடியது தென்னாப்பிரிக்காவின் ஜூலு சண்டை. நண்பர் ஒருவரின் மச்சான் லண்டனிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். 1879 ஜனவரி 22, ரோர்க்ஸ் டிரிஃப்ட், பிரிட்டிஷ் படையினர் ஏறக்குறைய 150 பேர் பல ஆயிரம் ஜூலு வீரர்களை எதிர்த்து நின்ற கதை. அதே நாளில் கொஞ்ச நேரம் முன்னால் இசாண்டில்வானாவில் ஜூலுக்கள் வெள்ளைக்காரப் படையை வாரித் துடைத்தார்களே, அதைப் பற்றி அட்டையில் ஒரு வரி இல்லை. கூடவே வந்த விதிகளில், செத்த ஜூலு ஆள் மேசை ஓரத்திலிருந்து மறுபடி வரலாம். வந்துகொண்டே இருப்பான். வெள்ளைக்காரனுக்கு மட்டும் பெயர், பதவி, குணம். இரண்டு ஆட்டம் ஆடினோம். மூன்றாவதில் என்னால் முடியவில்லை. பதிவு போட்டவர் அந்தப் பெட்டிமேல் கோபப்பட்டிருந்தால் நானும் சேர்ந்தே கைதட்டியிருப்பேன்.

அதை மூடி வைத்துவிட்டுத்தான் நம் கதையை எடுத்தோம். 1801 பிப்ரவரி 2, பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட இருந்தவர்களும் தப்பிய நாள். மேஜர் மெக்காலே வீட்டில் அன்றைக்குத் துரைமாருக்கு விருந்து. விருந்தில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியே பிற்பாடு இதை எழுதி வைத்திருக்கிறார். எங்கள் விதியில் அந்த விருந்துக்கு ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் கும்பெனிக்காரர் டைஸ் போட வேண்டும். 5 அல்லது 6 விழுந்தால்தான் துரைமார் சாப்பாட்டு மேசையைவிட்டு எழுவார்கள். அதுவரை உள்ளே மென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். கும்பெனிக்குக் கொடி பிடிக்கிறவன் எழுதுகிற விதியா இது?

இந்த ஊரில் பாளையங்கோட்டைக்கு எங்கே போவது? செங்கல்லைப் பொடித்துச் செம்மண். ஊதுபத்திக் குச்சியில் பச்சைக் காகிதத்தை விசிறியாக வெட்டி ஒட்டினால் பனைமரம். காய்ந்த புதருக்கு டீத்தூள் சக்கை. வடிகட்டியதை நாலு நாள் அடுப்போரம் காயவைத்து ஃபெவிகால் பூசித் தூவினால் அசல் முள்காடு. டீ விளையும் ஊரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை. ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்து தூத்துக்குடிப் பக்கத்து வெயிலைச் செய்துகொண்டிருப்போம். பாளையக்காரர் பொம்மை கடையில் கிடைக்காது. வேறு ஏதோ நாட்டுக்காரனை வாங்கி, எம்-சீலை உருட்டித் தலைப்பாகை கட்டி, மீசை வைத்து, ஈட்டிக்குக் குண்டூசி. ஒரு ஆளுக்கு மூன்று ராத்திரி. கும்பெனி ஆள் பெட்டியிலிருந்து எடுத்தால் தயார். எதற்கு அதிகம் கண்ணைக் கெடுத்துக்கொண்டோம் என்று பதிவு போட்டவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

அந்தச் சிவப்புக் கோட்டு ஆட்களை முதலில் நான் எல்லோரையும் வெள்ளை முகமாகத்தான் அடித்தேன். எதிர்வீட்டில் ஒரு சுபேதார் இருக்கிறார், வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயிண்ட் காயவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்தார். “தம்பி, என்ன இது, எல்லாரும் வெள்ளையா இருக்கான்? கும்பெனி பட்டாளத்துல முக்காவாசி நம்மாளுங்கப்பா. எங்க பட்டாளமே 1758லருந்து கணக்கு சொல்லும்.” எனக்கு உறைத்தது. அன்றிரவே உட்கார்ந்து பிரவுனில் ஒரு துளி மஞ்சள் கலந்து மறுபடி அடித்தேன். மூக்கு நுனி, கன்னம், விரல் முட்டி. சிவப்புக் கோட்டுக்கு மேலே என் மாமா முகம் ஒன்று, கறிக்கடைக்காரர் முகம் ஒன்று. கழுத்துப்பட்டிக்கு மேலே பிரஷ் போகும்போது கை நின்றுவிட்டது. பாளையங்கோட்டையில் துப்பாக்கி பிடித்த பலரும் இந்த முகம்தான் என்பது அதுவரை எனக்குப் படிப்பாக மட்டும் இருந்தது.

இதைத்தான் நீங்கள் வெட்டினீர்கள், சார்.

முழுப்படம் என் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. இடது பாதியில் ஊமைத்துரை கூட்டம், பனங்காட்டுக்குள் ஓடுகிறது. அவர் எடுத்துப் போட்டது வலது பாதி மட்டும். சரி, அந்தப் பாதியையாவது பெரிதாக்கிப் பார்த்தாரா? 14 சிவப்புக் கோட்டு, அதில் வெள்ளை முகம் மூன்று. ‘வெள்ளைக்காரப் பொம்மைகள்’ என்று எழுதிவிட்டார். கோட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

இனி கமெண்டுகள். ‘வயசுக்கு ஏத்த வேலையா இது?’ ஐபிஎல் நாட்களில் இவர்களை எழுப்பிப் பாருங்கள். அடுத்தது.

‘விளையாட்டே வெள்ளைக்காரனுடையது.’ ஆமாம். ஸ்நூக்கர்? 1875ல் ஜபல்பூரில் ஒரு பட்டாள அதிகாரி ஆரம்பித்து, 1882ல் நம் ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட விளையாட்டு. அதை ஆடி மெடல் வாங்கினால் வாழ்த்துப் பதிவு போடுவீர்கள். கிரிக்கெட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. இதைச் சொன்ன அண்ணன் போன மே மாதம் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் முன்னால் நின்ற படம் இன்னும் அவர் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. அதன்கீழ் நின்று செல்ஃபி எடுக்கலாம். மேசைமேல் எம்-சீலில் ஊமைத்துரை செய்தால் அடிமைப் புத்தி.

‘தூக்கில் தொங்கியவர்களின் கதையை வைத்து டைஸ் உருட்டுவதா?’ இது ஒன்றுதான் தைத்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறை நாங்கள் மேசையில் வைத்ததில்லை. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூரையும் வைத்ததில்லை. 1799 அக்டோபர் 16ம் 1801 அக்டோபர் 24ம் ஆட்டத்துக்கு உரிய நாட்கள் இல்லை என்பதில் நாலு பேருக்கும் ஒரே பேச்சுதான். ஆனாலும் ஆடும்போது சிரிக்கிறோமா என்றால் சிரிக்கிறோம். ஆறாவது சுற்றிலும் துரைக்கு 2 விழுந்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கேட்டவர் ஒரு டீச்சரம்மா, மரியாதையாகக் கேட்டார், அவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்கள் கேள்வி கேட்கவே இல்லை, திட்டத்தான் வந்தார்கள்.

அப்புறம் அந்த ‘காலனி அடிமை’. அதைச் சொன்னவருக்கு என் வீட்டைத் தெரியாது.

என் பூட்டனைக் கண்டிச் சீமைக்குக் கூட்டிப்போனது கும்பெனிக்குப் பின்னால் வந்த துரைமார்தான். மூன்று தலைமுறை அங்கே மலையைச் சுமந்தார்கள். இந்தியாவும் இலங்கையும் 1964 ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது என் தாத்தா பாட்டி இந்தியாவின் பங்கில் வந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீ லயத்துக்கு. மறுபடியும் டீக்கொழுந்துதான். பாட்டிக்கு எண்பது வயதிலும் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கால் தானாக எழுந்து நின்றுவிடும். உட்காருங்க பாட்டி, அது காய்கறி வண்டி என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

முதல் ஆட்டத்துக்கு மேசை போட்டபோது பாட்டி இருந்தார். மேசை அருகே வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். குதிரைமேல் ஒரு துரை இருந்தார், நான் ஒரு வாரம் பெயிண்ட் அடித்தது. அதை இரண்டு விரலால் எடுத்தார், மூக்குக்கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார், திரும்ப வைக்கும்போது நிறுத்தாமல் படுக்க வைத்தார். குதிரையோடு. ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஆட்டத்தில் அந்தத் துரையை யாரும் நிமிர்த்தவில்லை, செத்ததாகவே கணக்கு வைத்துக்கொண்டோம். பாட்டி போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அடிமைப் புத்தி என்று முகம் தெரியாத முந்நூறு பேர் முடிவு செய்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த முந்நூறு பேர்கூடப் பரவாயில்லை. நேற்று ராத்திரி யார் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிரிப்பு எமோஜி போட்டவர்கள் வரிசையில் ஒரு பெயர். எங்கள் நாலு பேரில் ஒருவர். காளையார்கோவில் காட்டு ஆட்டத்துக்கு வளரி என்ற வளைந்த எறிதடி எத்தனை இன்ச் போகும் என்று என்னோடு இரண்டு வாரம் மல்லுக்கு நின்றவர். சின்ன மருது தனக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்ததையும், தேர்ந்த கை என்றால் 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்பதையும் அதே வெல்ஷ் எழுதியிருக்கிறார் என்று தேடிப்பிடித்து வந்து காட்டி ஜெயித்தவர். என் வீட்டில் எத்தனை ஞாயிறு சாப்பிட்டிருக்கிறார் என்று கணக்குச் சொல்ல மாட்டேன், அது அசிங்கம். அந்தப் படத்திலும் இருந்தார், இடது ஓரத்தில். வெட்டியதில் அவர் கையும் போய்விட்டது. தன் கையை வெட்டியவனுக்கு அவரே சிரித்துவிட்டு வந்திருக்கிறார்.

கை தவறிப் பட்டிருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம். மூன்று நாளாகவா தவறியே இருக்கும்?

அண்ணே, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். போன் எடுக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை ஆட்டம் வைத்திருக்கிறோம். போன தடவை நான் கும்பெனி, அதற்கு முந்தின தடவை பேக்டரிக்காரர். இந்தத் தடவை உங்கள் முறை. யாராவது ஒருத்தர் அந்தப் பக்கம் உட்கார்ந்துதானே ஆக வேண்டும். டைஸ் டப்பாவும் உங்களிடம்தான் இருக்கிறது. வர இஷ்டமில்லை என்றால் பையனிடமாவது கொடுத்தனுப்புங்கள்.