கமெண்டைத் திருத்துவதும் வேலைதான்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்திலேயே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு புரோகிராமின் கமெண்டுகளை நான் திருத்தி அனுப்பியதைப் பற்றிய பேச்சு அது. முழுக்கதையையும் மறுபடி சொல்லவில்லை. அந்த நண்பரின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே கேட்ட ஒரு கேள்வி மூன்று நாளாகத் தூங்க விடவில்லை. “கோடில் ஒரு வரிகூட மாறவில்லை. வெறும் கமெண்டைத் திருத்திவிட்டு இதையும் பங்களிப்பு என்கிறாயா?” சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஆமாம், பங்களிப்புதான். இருநூறு வரி புதுக் கோடு எழுதுவது எப்படி வேலையோ, அப்படியே இதுவும் வேலைதான்.

புரோகிராம் எழுதாத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளைகள்தான் கோடு. அதற்கு இடையில் மனிதர் படிப்பதற்காக எழுதி வைக்கிற குறிப்புதான் கமெண்ட். கோடைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிறபடி மாற்றுகிற கம்பைலர் கமெண்டைத் தொடாது, தாண்டிப் போய்விடும். நான் திருத்தியது ஒரு முகவரிப் புத்தக லைப்ரரியில் இருந்த கமெண்டுகளை. பெயர், போன் நம்பர், விலாசம் எல்லாவற்றையும் எழுதிப் படிக்க மற்ற புரோகிராம்கள் கூப்பிடுகிற ஆயத்தக் கோடுத் தொகுப்புதான் அந்த லைப்ரரி. அதன் கமெண்டுகளை டாக்ஸிஜன் என்கிற கருவி திரட்டி, அப்படியே கையேடாக வெளியிடுகிறது. கோடில் மூலையில் கிடக்கிற ஒரு தவறான வரி, கையேட்டில் சட்டம் போல ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அந்த வரியை நம்பி நான் கெட்ட கதையைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பால் சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் செய்து கொடுத்தேன். பெயர், ஊர், போன் நம்பர், அவ்வளவுதான். எல்லாம் தமிழில். அந்த லைப்ரரியில் ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்து தருகிற கோடுப் பகுதிக்கு, எழுத்தையும் அதன் நீளத்தையும் கொடுக்க வேண்டும். நீளம் என்றால் எது? கமெண்ட் சொன்னது, கேரக்டர்களின், அதாவது எழுத்துக் குறிகளின் எண்ணிக்கை. நான் நம்பினேன்.

கொழிஞ்சாம்பாறை என்று ஊர்ப் பெயரை எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் பதினான்கு. அதை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் (பைட் என்பது சேமிக்கிற இடத்தின் அளவு), ஆக மொத்தம் 42 பைட். நான் கமெண்டை நம்பி 14 என்று கொடுத்தேன். உள்ளே இருந்த கோடு 14 பைட்டை எடுத்துக்கொண்டது. நான்கு குறி முழுதாக வந்தது, ஐந்தாவது பாதியில் அறுந்தது. திரையில் “கொழி” என்று நின்றது, பக்கத்தில் கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. சங்கச் செயலாளர் அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “தம்பி, ஊர் பேரெல்லாம் பாதியில நிக்குதே”ன்னு கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட். அதனால் இந்தத் தவறு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. கோடு சரியாக இருந்தது, கமெண்ட்தான் தவறு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. நான் திருத்திய முதல் வரி அதுதான். “கேரக்டர்” என்பதை அடித்துவிட்டு “பைட்” என்று எழுதினேன். ஒரே ஒரு சொல். கூட்டத்தில் சிரிப்பு வந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

தொடர்புகளைப் பரிமாற எல்லாரும் பயன்படுத்துகிற வி-கார்டு விதியே இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்த விதி இருக்கிற இணைய ஆவணம், 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6350-ஐத் திறந்து பாருங்கள். நீள வரியை 75 ஆக்டெட்டில் (ஆக்டெட் என்றால் பைட்தான்) மடக்கு என்றுதான் இருக்கிறது, 75 எழுத்தில் என்று இல்லை. பல ஆக்டெட் கொண்ட எழுத்தை நடுவில் அறுக்கவே கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. 75 பைட்டுக்குள் தமிழ்க் குறி 25தான் அடங்கும். விதி எழுதியவர்கள் நம்மை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். கமெண்ட் எழுதியவர் நினைக்கவில்லை.

இன்னொரு வரி, பெயர். அந்தக் கமெண்டில் முதலில் முதல் பெயர், அடுத்து கடைசிப் பெயர் என்று இருந்தது. விதியில் வரிசை தலைகீழ்: குடும்பப் பெயர் முதலில், இட்ட பெயர் இரண்டாவது, பிறகு கூடுதல் பெயர், முன்னால் வரும் பட்டம், பின்னால் வரும் பட்டம். சரி, குடும்பப் பெயரே இல்லாத எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? என்னைப் போலக் கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறவனுக்கு இது இன்னும் கஷ்டம். என் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போனேன், அங்கே இனிஷியலை முன்னால் போட்டார்கள். ஒரே ஆள், இரண்டு பெயர். என் போனிலேயே நான் இரண்டு இடத்தில் இருக்கிறேன். அதனால்தான் குடும்பப் பெயர் இல்லாதவருக்கு முதல் இடம் காலியாகவே இருக்கலாம் என்று கமெண்டில் ஒரு வரி சேர்த்தேன். விதியும் அதை அனுமதிக்கிறது. அதையும் வேண்டாத வேலை என்றார்கள்.

சிலர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். நல்ல கோடுக்குக் கமெண்டே தேவையில்லையாம். தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள், நான் தடுக்கவில்லை. பொய் சொல்கிற கமெண்டை அங்கேயே வைத்துக்கொண்டு, திருத்துகிறவனைப் பார்த்து அதைச் சொல்லாதீர்கள்.

எண்ணிக்கை காட்டுவதற்காகச் சின்னச் சின்னத் திருத்தம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களே என்கிறீர்கள். இருக்கிறார்கள். 2020 அக்டோபரில், திறந்த மூல புரோகிராம்களுக்குத் திருத்தம் அனுப்பினால் பரிசு தருகிற ஹேக்டோபர்ஃபெஸ்ட் சமயத்தில் ஒரு டி-சர்ட்டுக்காக உருப்படியில்லாத திருத்தங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பி, அவற்றைப் பராமரிக்கிற மெயின்டெயினர்களைப் படுத்தியது எனக்கும் தெரியும். அவர்கள் எரிச்சல் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு முற்றுப்புள்ளியை நகர்த்துவதும், கேரக்டரைப் பைட் ஆக்குவதும் ஒன்றா? ஒவ்வொரு வரியையும் ஆர்எஃப்சியோடும் கோடோடும் வைத்து ஒத்துப் பார்த்தேன். ஒரு கமெண்டைத் திருத்த அதன் கீழே இருக்கிற நூறு வரி கோடையும் படித்தாக வேண்டும். படிக்காமல் எது தவறு என்று எப்படித் தெரியும்? சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த நூறு வரியைப் படித்தீர்கள்?

இதெல்லாம் எனக்கு வீட்டிலிருந்து வந்தது. அப்பா சித்தூரில் போஸ்ட்மேன். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திராவிலும் ஒரு சித்தூர் இருக்கிறது, அதுவும் எல்லை ஊர், அங்கேயும் நம் தமிழ் ஜனம் உண்டு. தமிழில் இரண்டையும் நாங்கள் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். அங்கே போக வேண்டிய கடிதம் இங்கே வரும். பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தே அப்பா சொல்லிவிடுவார்: 678 என்றால் நம்முடையது, 517 என்றால் ஆந்திரா. பின்கோடு வந்ததே இந்த மாதிரிக் குழப்பத்துக்காகத்தான், 1972 ஆகஸ்ட் 15-இல். பின்கோடு எழுதாமல் வந்த கவரை அப்பா தூக்கிப் போட மாட்டார். அனுப்பியவர் பெயரைப் பார்ப்பார், தெருப் பெயரைப் பார்ப்பார், இங்கே அப்படி ஒரு தெரு இல்லை என்று உறுதியானதும் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் “ஆந்திரா” என்று எழுதுவார். சின்ன எழுத்து, அழுத்தி எழுதியிருப்பார். உள்ளே இருக்கிற கடிதத்தில் அவர் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவர் செய்தது வேலை இல்லை என்று என் முன்னால் யாராவது சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, நான் கேட்கிறேன் என்று தெரிந்தே ஒருவர் சொன்னார், “தமிழ் மீடியத்தில் படித்தவர் ஆங்கிலக் கமெண்டைத் திருத்துகிறார்” என்று. ஆமாம், தமிழ் மீடியம்தான். கேரளாவில் பிறந்து தமிழில் படித்தேன். பஸ் போர்டு மலையாளத்தில், விண்ணப்பம் ஆங்கிலத்தில், வீடு தமிழில். மூன்றிலும் ஒரு சொல் என்ன சொல்கிறது என்று நின்று பார்த்துத்தான் வளர்ந்தேன். ‘கேரக்டர்’ என்று எழுதியவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் ஊர்ப் பெயர் பாதியில் அறுந்து நின்றதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வலித்தது. மறைக்க ஒன்றும் இல்லை.

விலாசத்துக்கான கமெண்ட் இன்னும் பாக்கி இருக்கிறது. அதில் ஆறு பகுதி என்று போட்டிருக்கிறது. விதியில் ஏழு: தபால் பெட்டி, கூடுதல் விலாசம், தெரு, ஊர், மாநிலம், பின்கோடு, நாடு. இரண்டாவதை விட்டுவிட்டு எண்ணினால் ஆறாவதாக நிற்க வேண்டிய பின்கோடு ஐந்தாவது இடத்தில், மாநிலத்தின் இடத்தில் போய் உட்காரும். இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு அதைத் திருத்தி அனுப்பப் போகிறேன். ஒரே வரிதான்.