படிவத்தின் ஏழாவது கட்டம்

நான் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கம், சிறந்த முன்னாள் மாணவர் விருதுக்கான தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டபோது, அதை அதிக உழைப்புக் கேட்காத, பெருமைக்குரிய ஒரு பொறுப்பு என்றே நினைத்தேன். வந்திருக்கும் பரிந்துரைகளைப் படித்து மதிப்பெண் போட வேண்டும், கூடிப் பேசிப் பெயர்களை முடிவு செய்ய வேண்டும், விழாவன்று முன்வரிசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த நினைப்பைக் கெடுத்தது பரிந்துரைப் படிவத்தின் ஏழாவது கட்டம். 'இதற்கு முன் பெற்ற விருதுகள்' என்று கேட்டிருந்த அந்தக் கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். விருது பெற வேண்டுமானால் ஏற்கெனவே விருது பெற்றிருக்க வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? அது காலியாக இருந்த படிவங்களுக்கெல்லாம் முதல் நாள் நானும் யோசிக்காமல் சுழியம் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற மத்தேயு நற்செய்தி வாசகத்தை நினைவூட்டும் வகையில், 'மத்தேயு விளைவு' என்றார். ஒரே தரத்திலான ஆய்வுக்கு, பெயர் பெற்றவருக்கு மிகுதியான பாராட்டும் பெயர் பெறாதவருக்குக் குறைவான பாராட்டும் கிடைப்பதை அவர் அறிவியல் உலகில் கண்டார். எங்கள் ஏழாவது கட்டம் அதையே மதிப்பெண்ணாக்கி வைத்திருந்தது.

முன்னாள் மாணவர் விருதுகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அவை வேண்டும் என்றே உறுதியாக நம்புகிறேன். ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவரைப் பற்றி அறிந்திருப்பது பெரும்பாலும் அவருடைய மதிப்பெண்ணை மட்டுமே. கற்றுக்கொடுத்தது இருபது முப்பது ஆண்டுகள் கழித்து எங்கே, என்னவாக விளைந்தது என்று அது திரும்பிப் பார்க்கும் தருணங்கள் மிகக் குறைவு. விருது அப்படியொரு தருணம். இறுதியாண்டில் படிக்கும் மாணவருக்கோ, தன் பாடத்தைப் படித்தவர்கள் போயிருக்கும் வழிகள், தனக்குச் சொல்லப்பட்ட இரண்டு மூன்றைக் காட்டிலும் எத்தனையோ உண்டு என்பது அந்த மேடையைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. முன்னாள் மாணவரைக் குறிக்கும் 'அலும்னஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை என்று பொருள். பிள்ளை பெரிய பதவிக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

புகழ் வந்த பிறகு சொந்தம் கொண்டாடுவது எளிது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1971இல் இயற்பியல் பட்டம் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்ததும், பல்லாண்டுகளாகத் தொடர்பே இல்லாதவர்களிடமிருந்தெல்லாம் மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. தான் படித்தே இராத ஒரு பல்கலைக்கழகத்தில் தனக்குப் பாடம் நடத்தியதாகச் சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள் என்று அவர் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். நோபல் பெற்றவரைத் தேட எந்தக் குழுவும் தேவையில்லை.

இதற்கு நேர்மாறான கதை ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் உள்ளிட்ட பெண்கள் 1869இல் அங்கே மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். பின்னாளில் 'எடின்பரோ எழுவர்' என்று பெயர் பெற்றவர்கள் அவர்கள்தாம். அவர்களுள் ஒருவரான ஈடித் பீச்சி வேதியியல் தேர்வில் முன்னிலை பெற்றும், அதற்குரிய ஹோப் உதவித்தொகை, பெண் என்ற ஒரே காரணத்தால் அவருக்கு மறுக்கப்பட்டு, அவருக்குப் பின்னால் வந்த ஆணுக்குப் போனது. 1870 நவம்பரில் தேர்வெழுதச் சென்ற இப்பெண்களைக் கூட்டம் ஒன்று வழிமறித்துச் சேற்றை வாரி இறைத்தது. இறுதியில் பட்டமும் இல்லை என்றாகிவிட்டது. வேறு இடங்களில் தகுதி பெற்று மருத்துவரான பீச்சி, பின்னர் பம்பாய் காமா மருத்துவமனையில் பணியாற்றினார். 2019இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் எழுவருக்கும் இறப்புக்குப் பிந்தைய மதிப்புறு பட்டங்களை வழங்கியது. அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவிகள் அவர்கள் சார்பில் பெற்றுக்கொண்டார்கள். முன்னாள் மாணவர் என்று எண்ணப்படவே மறுக்கப்பட்டவர்களை எண்ணிக்கையில் சேர்க்க நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. காலம் கடந்த மரியாதைதான், என்றாலும் பழைய பதிவேட்டைத் திறந்து விடுபட்டவர் யார் என்று பார்த்ததால் கிடைத்த மரியாதை அது.

நன்கொடையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 1821இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரித் தலைவர் மாணவர்களில் ஒரு பகுதியினரை அழைத்துக்கொண்டு ஆமர்ஸ்ட் என்ற ஊரில் தொடங்கிய புதிய கல்லூரிக்குப் போய்விட, தங்கள் கல்லூரி அழிந்துவிடாமல் காக்கத் திரண்ட பட்டதாரிகள் தொடங்கியதே அந்நாட்டின் மிகப் பழைய முன்னாள் மாணவர் சங்கம். ஆகவே, நிறுவனத்தைத் தாங்கிப் பிடிப்பதும் பணம் கொடுப்பதும் இந்தச் சங்கங்களின் பிறப்போடு வந்த வேலைகள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டடம் கட்டிக் கொடுத்தவருக்கு நன்றி விழா எடுங்கள், அவர் பெயரைச் சுவரில் பொறியுங்கள். சாதனை விருதின் பட்டியலில் மட்டும் அவரை நுழைக்காதீர்கள், சாதித்திருந்தாலொழிய.

பரிந்துரைக்காகக் காத்திருக்கும் முறையையும் மாற்ற வேண்டும். தம் சார்பில் எழுத ஆள் வைத்திருப்பவரின் கோப்பு வண்ணப் படங்களோடு நாற்பது பக்கத்தில் வருகிறது. வேலையில் மூழ்கிக் கிடப்பவருக்கோ இப்படியொரு விருது இருப்பதே தெரிவதில்லை. ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு இரண்டு பெயரையாவது தானே தேடித் தர வேண்டும் என்று விதி இருந்தால், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

நான் சுழியம் போட்டவர்களில் ஒருவர் புள்ளியியல் பட்டதாரி. பிறப்பு இறப்புப் பதிவுத் துறையில் வாழ்நாளைக் கழித்தவர். அவரிடம் வேலை கற்ற இளையவர் ஒருவர் ஒன்றரைப் பக்கத்தில் பரிந்துரை எழுதியிருந்தார். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதி வரும் சான்றிதழ்களை அந்த மனிதர் ஏற்பதில்லையாம். சாகிற எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்கிறது, நிற்க வைத்த நோய் எது என்று கேட்டு ஒவ்வொன்றையும் மருத்துவருக்கே திருப்பி அனுப்புவாராம். எந்த நோய்க்கு எவ்வளவு செலவிடுவது என்று தீர்மானிப்பவர்கள் நம்பியிருக்கும் எண்கள் இப்படிப்பட்ட பிடிவாதத்தால்தான் நேராகின்றன. அந்த ஆண்டு அவருக்கு விருது கிடைக்கவில்லை. பெரிய வாக்குவாதத்துக்குப் பின் ஏழாவது கட்டத்தை எடுத்தோம். அடுத்த ஆண்டு அவர் பெயர் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

பாராட்டுரையை நான்தான் எழுதினேன். மேடையில் அதை வாசித்தபோது அவர் தலையைச் சற்றுச் சாய்த்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். விழா முடிந்ததும் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்து, என் பணிக்காலம் முப்பத்தோராண்டு என்று எழுதியிருக்கிறீர்கள், முப்பது ஆண்டு நான்கு மாதம்தான், மலரில் அச்சேறும் முன் திருத்திவிடுங்கள் என்றார்.