காரை விற்க வந்த பாட்டு

பென்ஸ் கார் வாங்கும் வசதி எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை, இனி வரும் என்ற நினைப்பும் இல்லை. ஆனால் அந்த நிறுவனம் தன் விளம்பரத்துக்காகக் கொடுத்த ஒன்றைப் பல ஆண்டுகளாக அனுபவித்து வருகிறேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தைச் சேர்ந்த மெர்சிடிஸ் பென்ஸ் 2004-இல் 'மிக்ஸ்டு டேப்' என்ற பெயரில் இணையத்தில் இசைத் தொகுப்புகளை வெளியிடத் தொடங்கியது. அந்த நாட்களில் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய தொகுப்பு வரும். பெரும்பாலும் நாம் பெயர்கூடக் கேட்டிராத இசைக்கலைஞர்களின் பத்துப் பதினைந்து பாடல்கள் அதில் இருக்கும். எல்லாம் எம்பி3 கோப்புகள். ஒரு காசும் கொடுக்காமல் இறக்கிக்கொள்ள முடிந்தது. விளம்பரமாக வந்த இசையை நல்ல இசை என்று ஒப்புக்கொள்வதில் பலருக்கு ஒரு கூச்சம் இருப்பதைப் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. அந்த ஏற்பாட்டில் குறை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறை, பொதுவாகச் சொல்லப்படும் இடத்தில் இல்லை என்பதே என் கருத்து.

அந்தக் காலகட்டத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாட்டுக் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள 1999-இல் வந்த நாப்ஸ்டர் என்ற மென்பொருள் 2001-இல் நீதிமன்ற உத்தரவால் முடங்கியது. அதற்குப் பின் வந்த கோப்புப் பகிர்வு மென்பொருள்களில் பாட்டுகளைப் பகிர்ந்தவர்கள்மேல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 வழக்குகளைத் தொடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டு 99 சென்ட் என்று ஐடியூன்ஸ் கடையைத் திறந்திருந்தது என்றாலும், அந்தக் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பரில்தான். ஆக, அயல்நாட்டு இசையைக் கேட்க விரும்பிய நம் ஊர்க்காரருக்கு இருந்த வழிகள் இரண்டு: பெரிய நகரத்துக் கடைகளில் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் விற்ற இறக்குமதிக் குறுந்தகடு, இல்லையென்றால் பர்மா பஜாரில் எழுபது எண்பது பாடல்களைத் திணித்து விற்ற தட்டு. முன்னதுக்குப் பணம் இல்லை; பின்னதில் ஏற்கெனவே புகழ் பெற்றவர்களின் பாட்டைத் தவிர வேறெதுவும் இருக்காது. சட்டப்படி சரியானதும், விலையில்லாததும், முன்பின் கேட்டிராததுமான இசை என்பது அப்போது ஏறக்குறைய கிடைக்காத பொருள். அந்த நேரத்தில் ஒரு கார் நிறுவனம் அதைக் கொண்டுவந்து வைத்தது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டர்களில் வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு வேறுபாடு சட்டென்று புரியும். அங்கே நாம் எழுதிக் கொடுத்தது நமக்கு ஏற்கெனவே பிடித்த பாடல்களின் பட்டியல். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் எண்பத்தேழு நிமிடம் நாம் கேட்டது வரும். மிச்ச இடத்தை வீணாக்க மனமில்லாமல் கடைக்காரர் தனக்குப் பிடித்த ஒன்றைப் பாதியில் நிற்கும்படி பதிந்து கொடுப்பார். என் அனுபவத்தில், பின்னாளில் நான் தேடித் தேடிக் கேட்ட சில இசையமைப்பாளர்கள் எனக்கு அறிமுகமானது அந்தப் பாதிப் பாட்டுகளில்தான். மிக்ஸ்டு டேப் தொகுப்பு முழுக்க முழுக்க அந்தக் கடைக்காரரின் மிச்ச இடம். நமக்குப் பிடித்ததை அது கேட்கவே இல்லை. தேர்ந்தெடுத்தவர் வேறொருவர், அவருடைய ரசனை நமக்குத் தெரியாது, பாடியவரையும் தெரியாது. இப்போது எந்தச் செயலியைத் திறந்தாலும் நாம் நேற்றுக் கேட்டதற்கு ஒத்ததையே இன்றும் நீட்டுகிறது என்பதோடு இதை ஒப்பிட்டால், அந்த அந்நியத்தன்மையின் அருமை தெரியும்.

இறக்குவதும் அன்றைக்கு ஒரு வேலைதான். 128 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்த எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி பிடிக்கும்; நான்கு நிமிடப் பாடல்கள் பதினைந்து என்றால் அறுபது எம்பி. பிஎஸ்என்எல் அகலக்கற்றைத் திட்டங்கள் சிலவற்றில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை அளவுக் கணக்கு கிடையாது என்பதால், அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து இறக்கத்தை ஓடவிட்டுவிட்டுத் திரும்பப் படுத்த ஒரு தலைமுறையே உண்டு. காலையில் பார்த்தால் பன்னிரண்டு பாட்டு முழுசாக வந்திருக்கும், பதின்மூன்றாவது 2.7 எம்பியில் நின்றிருக்கும். என் ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் கோப்புறை இன்னும் இருக்கிறது. ஒரு கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி விவரங்களைத் திறந்தால், கலைஞர் என்ற கட்டத்தில் பெயர், ஆல்பம் என்ற கட்டத்தில் தொகுப்பின் பெயரும் எண்ணும், ஓரத்தில் தபால்தலை அளவில் அட்டைப்படம். கார் வாங்கச் சொல்லும் ஒரு வரிகூடப் பாட்டுக்கு நடுவே கிடையாது. நம் பண்பலை வானொலியில் இரண்டு பாட்டுக்கு இடையே தங்கநகை, ரியல் எஸ்டேட், முட்டுவலித் தைலம் என்று எல்லாவற்றையும் கேட்டுப் பழகிய காதுக்கு அது விளம்பரம் என்றே தோன்றாது.

தோன்றாததுதான் திறமையான விளம்பரம் என்று சொல்லலாம், சரியான பேச்சுதான். தொகுப்புகளை வரிசையாகக் கேட்டால் அதன் நோக்கம் மெல்லத் தெரியவரும். சோல், ஃபங்க், மெதுவான எலக்ட்ரானிக், ஜாஸ் வாடை அடிக்கும் ஹிப்ஹாப் என்று வகைகள் மாறினாலும், எதுவும் காதை அறுக்காது; யாரும் கத்த மாட்டார்கள். ரோட்ஸ் என்ற மின்பியானோவின் கண்ணாடி போன்ற ஒலி, அதன் அடியில் உருளும் பேஸ் கிடார், அவசரமில்லாத ஒரு பெண் குரல். இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்சாதனத்தை இயக்கி, நெடுஞ்சாலையில் சீராக ஓட்டுவதற்கு ஏற்ற இசை அது. கோபம், வறுமை, வேலைநிறுத்தம், போர் எல்லாம் அந்தத் தொகுப்பின் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. பெர்லினிலும் லண்டனிலும் அதே ஆண்டுகளில் முரட்டுத்தனமான, வேண்டுமென்றே அசிங்கமாக ஒலிக்கிற இசையும் ஏராளமாக உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுமை அந்தக் காருக்குள் இல்லை. புரவலர் காசு கொடுக்கும் கலைக்கு இந்த வரம்பு எப்போதும் உண்டு. அரசவையில் பாடியவர்களும் அரசரின் இரவு உணவு செரிக்கும்படிதான் பெரும்பாலும் பாடினார்கள்.

இந்த நிறுவனத்தின் வயிற்றுக்குச் செரிக்காதது எதுவும் இல்லையோ என்றும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அமெரிக்கப் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் 1970 அக்டோபர் 1-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் பக்கவாத்தியம் ஏதும் இல்லாமல் வெறும் குரலில் ஒரு பாட்டைப் பாடிப் பதிந்தார். கடவுளே எனக்கு ஒரு பென்ஸ் கார் வாங்கித் தா என்று வேண்டுவதுபோல் பாவனை செய்து, பொருளாசையைக் கிண்டல் செய்யும் பாட்டு. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 4-ஆம் தேதி, அவர் இறந்துபோனார். 1995-இல் அதே பாட்டை மெர்சிடிஸ் பென்ஸ் தன் விளம்பரத்திலேயே பயன்படுத்தியது. கிண்டலையே சரக்காக மாற்றிவிடுகிற அளவுக்குச் சாமர்த்தியம் உள்ளவர்கள், ஒன்பது ஆண்டு கழித்துப் புதிய பாடகர்களின் தொகுப்பை இலவசமாகக் கொடுத்ததை வெறும் இசைப்பற்று என்று நம்புவதற்கு நாம் ஒன்றும் வெள்ளந்தி இல்லை. வயதானவர்களின் கார் என்ற பெயரைக் கழற்றி இளைஞர்களின் காதுக்குள் நுழைவதுதான் கணக்கு. அந்தக் கணக்கு தெரிந்தே நான் பாட்டை எடுத்துக்கொண்டேன்.

கலைஞருக்கு என்ன ஆதாயம் என்பது இதைவிடக் கனமான கேள்வி. அமெரிக்க இசைக்கலைஞர் மோபி 1999-இல் வெளியிட்ட 'பிளே' ஆல்பத்தின் 18 பாடல்களும் விளம்பரங்களுக்கும் படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உரிமம் கொடுக்கப்பட்டன. அது காசு பார்க்கிற வழி. புதியவர் ஒருவர் தன் பாட்டைத் தொகுப்புக்குக் கொடுக்கும்போது எதிர்பார்ப்பது வேறு: பெயர் பரவ வேண்டும், யாராவது தேடி வர வேண்டும். பெயர் பரவினால் மட்டும் வீட்டு வாடகை கட்ட முடியாது என்பதை எழுத்தாளர்களும் புகைப்படக்காரர்களும்கூட நன்றாக அறிவார்கள். ஒரு காருக்குப் பல லட்சம் விலை சொல்லும் நிறுவனம் ஒரு பாட்டுக்கு விலை இல்லை என்ற எண்ணத்தைப் பரப்பலாமா என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த எண்ணத்தைப் பரப்பியவர்கள் இவர்கள் இல்லை. நாப்ஸ்டர் காலத்திலேயே அது பரவிவிட்டது. இவர்கள் செய்தது, பாட்டோடு பாடியவரின் பெயரையும் சேர்த்துக் கொடுத்ததுதான். பர்மா பஜார் தட்டில் 'டிராக் 07' என்று மட்டுமே இருக்கும்.

இலவசம் என்றாலே மக்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள் என்பதும் பொய். 2014 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் யூ2 குழுவின் புதிய ஆல்பத்தைச் சுமார் 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் கேட்காமலேயே சேர்த்துவிட்டது. வசவு தாங்காமல், சில நாட்களில் அதை நீக்குவதற்கென்றே தனியாக ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டி வந்தது. உலகப் புகழ்பெற்ற குழுவின் புத்தம்புதிய ஆல்பம் குப்பையாக உணரப்பட்டது. முகம் தெரியாதவர்களின் பாட்டுக்காக அதிகாலை இரண்டு மணிக்கு ஆள் எழுந்தான். நாமே போய் எடுத்ததற்கும் நம் பையில் எவரோ திணித்ததற்கும் இடையே உள்ள தூரம் அது.

நான் முதலில் சொன்ன குறை இனிமேல்தான் வருகிறது: இப்படிக் கொடுக்கப்படும் இசையைக் காத்து வைக்கும் பொறுப்பை யாரும் ஏற்பதில்லை. இப்படிப்பட்ட தொகுப்புகளில் பாடிய பலருக்கும் அந்தக் காலத்தில் சொந்த வீடாக இருந்தது, தங்கள் பாட்டுகளை ஏற்றி வைக்க உதவிய மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம். பாட்டைக் கேட்டுவிட்டுப் பெயரைத் தேடினால் அந்தப் பக்கத்துக்குத்தான் போய்ச் சேருவோம். அங்கே இன்னும் நான்கு பாட்டு இருக்கும். 2019 மார்ச்சில் மைஸ்பேஸ் ஒரு செய்தியை ஒப்புக்கொண்டது: சர்வர் மாற்றத்தின்போது, 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்கள் எல்லாம் அழிந்துவிட்டன. ஒரு கோடியே நாற்பது லட்சம் கலைஞர்களின் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் அடுத்த மாதம் மீட்டுக் கொடுத்தது ஏறக்குறைய 4,90,000 பாடல்களை. நூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. பெரிய நிறுவன ஒப்பந்தம் இல்லாத கலைஞருக்கு மூலப் பதிவைக் காக்கும் அலமாரி கிடையாது. அவருடைய கணினி கெட்டுப்போனால் பாட்டும் போயிற்று.

இந்த இடத்தில்தான் அந்தக் கார் நிறுவனத்தின் தொகுப்பு, அதை நடத்தியவர்கள் நினைத்தே பார்த்திராத ஒரு வேலையைச் செய்திருக்கிறது. கோப்பாகக் கொடுத்ததால் அது பல நாடுகளில், பல வீடுகளில், முகம் தெரியாதவர்களின் கணினிகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரு சர்வர் அழிந்தால் எல்லாம் அழியும் என்ற நிலை அதற்கு இல்லை. அதே வேலையை இன்றைய நிறுவனம் ஒன்று செய்தால் ஸ்பாட்டிஃபையில் ஒரு பிளேலிஸ்ட் போடும். ஒப்பந்தம் முடிந்த பாட்டு ஒரு காலையில் சாம்பல் நிறமாக மாறும், அழுத்தினாலும் ஓடாது. இன்னொரு நாள் பிளேலிஸ்ட்டே இருக்காது. நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஊக்கபான நிறுவனமான ரெட் புல் 1998-இல் பெர்லினில் தொடங்கி ஊர் ஊராக நடத்திய மியூசிக் அகாடமியை 2019-இல் நிறுத்தியபோது பார்த்தோம்: இருபது ஆண்டுக்கு மேல் ஓடிய முயற்சியும் ஒரு நிறுவன முடிவில் நின்றுவிடும். புரவலரின் ஆர்வம் தீரும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். மெர்சிடிஸ் பென்ஸ் தன் பழைய கார்களுக்கு ஸ்டுட்கார்ட்டில் 2006-இல் பிரம்மாண்டமான அருங்காட்சியகத்தைத் திறந்தது. 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் வரலாறு முதற்கொண்டு அங்கே அக்கறையோடு காக்கப்படுகிறது. அந்தக் கட்டடத்தின் ஒரு மூலையில், தாங்கள் வெளியிட்ட ஒவ்வொரு தொகுப்பும் எல்லாப் பெயர்களோடும் கேட்கக் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அளவுக்கு மீறிய ஆசை என்று நான் நினைக்கவில்லை. விளம்பரத்துக்காக இசையைத் தொட்ட எந்த நிறுவனத்திடமும் நான் கேட்பது அவ்வளவுதான்: கொடுப்பதைக் கோப்பாகக் கொடுங்கள், நிறுத்தும்போது ஒரு நூலகத்திடமாவது ஒப்படைத்துவிட்டு நிறுத்துங்கள்.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் அப்போது அந்தத் தொகுப்புகளை இறக்கியவர்கள் சிலர் நிச்சயம் இருப்பீர்கள். பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் அந்தக் கோப்புறை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் கோப்பின் பெயரையோ உள்ளே இருக்கும் விவரங்களையோ மாற்றாமல் அப்படியே இன்னொரு வட்டில் படி எடுத்து வையுங்கள். ஆரம்பகாலத் தொகுப்புகள் யாரிடமாவது முழுசாக இருந்தால் பாடகர்களின் பெயர்ப் பட்டியலைக் கீழே எழுதுங்கள்.