சோக்கை இழுத்து வைத்தே ஓட்டலாமா?

'பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) சூடான பிறகும் சோக்கைப் பாதி இழுத்தால்தான் ஓடுகிறதா, அப்படியே ஓட்டுங்கள். கியர் கரகரத்தால் லீவரை மெதுவாகத் தள்ளுங்கள்' என்று ஒரு நண்பர் சொல்கிறார். இரண்டுமே எஞ்சினைக் கெடுக்கும்.

சோக் என்பது காற்றைக் குறைத்து, பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் மூடி. சூட்டிலும் அது கேட்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் சிறு துளை) அடைப்பு, இல்லாவிட்டால் ஹோஸ் இணைப்பில் காற்று இழுக்கும். இதில் ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது. அது குறைந்த நிலையில் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகலாம். தடுமாறும்போது ஹோஸில் உள்ள கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள். எஞ்சின் தெளிந்தால் பெட்ரோல் பம்ப், ஹோஸ் பக்கம் தேடுங்கள். தெளியவில்லையா, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

கியரில் இருப்பது டாக் கிளட்ச், அதாவது பல்லோடு பல் மாட்டும் கிளட்ச். மெதுவாகத் தள்ளினால் அதன் பல் முனைகள் உரசி மழுங்கும். அப்புறம் லோடில் கியர் நழுவும். ஐடிலில் (த்ராட்டில் கொடுக்காத குறைந்த வேகம்) வைத்து, சட்டென்று போட வேண்டும். எஞ்சின் நின்றுவிடுகிறதே என்று ஐடிலை ஏற்றி வைப்பவர்கள் உண்டு, கரகரப்பு பல நேரம் அதனால்தான். ஐடில் சரியாக இருந்தால் ஷிஃப்ட் கேபிளைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது லீவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிளக் வயரைக் கழற்றிவிட்டு புரொப்பல்லரைக் கையால் கொஞ்சம் திருப்பினால் கியர் விழும்.