1964 ஃபில்லிஸ் நடுங்கிப் போய்த் தோற்கவில்லை

ஒவ்வொரு செப்டம்பரிலும் இது நடக்கிறது. பேஸ்பாலில் ஏதாவது ஓர் அணி முன்னிலையைக் கொஞ்சம் இழக்க ஆரம்பித்தால் போதும், உடனே யாராவது ஒருவர் 1964 பிலடெல்பியா ஃபில்லிஸை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். கையில் இருந்ததைப் பதற்றத்தில் கோட்டை விட்ட அணி என்றால் அவர்கள்தான் உதாரணம். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அறுபது வருடத்துக்கு மேலாக அந்த மனிதர்களைக் கோழைகள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது நியாயமே இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். 1964 செப்டம்பர் 20 இரவு ஃபில்லிஸ் 90 வெற்றி, 60 தோல்வி. அடுத்து நின்ற சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் இரண்டு அணிகளைவிடவும் ஆறரை ஆட்டம் முன்னால் (வெற்றி, தோல்வி வித்தியாசங்களின் சராசரி, அதனால் அரையும் வரும்). மிச்சம் இருந்தது வெறும் 12 ஆட்டம். அதில் பாதியை ஜெயித்திருந்தால் அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக் பட்டம் அவர்களுக்குத்தான். இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடருக்கு டிக்கெட்கூட அச்சடித்துவிட்டார்கள். அப்புறம் வரிசையாகப் பத்து ஆட்டம் தோற்றார்கள். பத்து! கடைசியில் ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் பட்டம் செயின்ட் லூயிஸுக்குப் போனது.

இந்த அணி எங்கிருந்து வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. மூன்று வருடம் முன்பு, 1961இல், இதே ஃபில்லிஸ் 107 ஆட்டம் தோற்றது, அதில் 23 தோல்வி தொடர்ச்சியாக. அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஜீன் மோக் என்ற இளம் மேனேஜர் (யார் ஆடுவது என்று முடிவு செய்பவர்) மெல்ல மெல்ல ஓர் அணியைக் கட்டினார். 1963இல் நான்காம் இடம். 1964இல் அவர்கள் முதலிடத்தில் நிற்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்த வருடம் ஜூன் 21, தந்தையர் தினம், நியூயார்க்கில் மெட்ஸ் அணிக்கு எதிராக ஃபில்லிஸின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஜிம் பன்னிங் வீசிய ஆட்டத்தில் 27 பேர் மட்டை பிடிக்க வந்தார்கள், 27 பேரும் அவுட், ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் முதல் பேஸைக்கூட ஒருவரும் தொடவில்லை. நேஷனல் லீகில் 84 வருடம் கழித்து நடந்த அதிசயம் அது. அப்படி ஒரு ஆட்டம் போய்க்கொண்டிருக்கும்போது அதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது அங்கே பெரிய நம்பிக்கை, பன்னிங்கோ உட்கார்ந்திருந்த இடத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாராம். இப்படிப்பட்டவரையா நடுங்கிப் போனார் என்கிறீர்கள்? இரண்டு வாரம் கழித்து, அதே மைதானத்தில் இரண்டு லீகின் நட்சத்திரங்களும் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து முடித்து வைத்தது ஃபில்லிஸின் ஜானி காலிசன்.

சரி, அந்தப் பத்து நாளுக்கு வருவோம்.

செப்டம்பர் 21, சொந்த மைதானம், சின்சினாட்டி. ஆறாவது இன்னிங்ஸ், ரன் எதுவும் விழவில்லை. எதிரணியின் சிக்கோ ரூயிஸ் மூன்றாம் பேஸில் நிற்கிறார், மட்டை பிடித்து நிற்பது ஃபிராங்க் ராபின்சன், அந்த அணியின் மிகப் பெரிய ஆட்டக்காரர். அவர் நிற்கும்போது ஹோம் பிளேட்டைத் திருட ஓடுவது, அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே கடைசி பேஸுக்கு ஓடி ரன் எடுக்கப் பார்ப்பது, என்பது யாரும் செய்யத் துணியாத காரியம். ரூயிஸ் ஓடினார். பந்து வீசிய ஆர்ட் மஹாஃபி தடுமாற, பந்து கேட்சரைத் தாண்டிப் போனது. 1-0. அந்த ஓட்டம்தான் சாபம் மாதிரி எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு ரன்னில் தோற்பது இந்த ஆட்டத்தில் தினம் நடப்பது.

என் கருத்தில் தப்பு அதற்கும் முன்பே ஆரம்பித்துவிட்டது. பிட்சர் என்பவர் கிரிக்கெட் பவுலர் மாதிரி இல்லை, ஆறு பந்து வீசிவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நின்றுகொள்ள முடியாது. ஓர் ஆட்டத்தை முழுவதும் தாங்கினால் நூறு பந்துக்கு மேல் முழு வேகத்தில் வீச வேண்டும், மறுநாள் தோள் சொன்ன பேச்சு கேட்காது. அந்தக் காலத்தில் நான்கு பேர் முறை வைத்து வீசுவார்கள், ஆளுக்கு மூன்று நாள் ஓய்வு. மோக் என்ன செய்தார் என்றால், செப்டம்பர் 16ஆம் தேதி, ஆறு ஆட்டம் முன்னிலையில் வசதியாக இருக்கும்போதே, பன்னிங்கை இரண்டே நாள் ஓய்வில் ஹூஸ்டனில் இறக்கினார். தோல்வி. என்ன அவசரம்? அந்த அவசரத்தை இதுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

தோல்விகள் தொடங்கியதும் அதையே திரும்பச் செய்தார். பன்னிங் 24, 27, 30 தேதிகளில். இன்னொரு பிட்சர் கிறிஸ் ஷார்ட் 22, 25, 28 தேதிகளில். இரண்டு பேரையும் மாற்றி மாற்றி, இரண்டு நாள் இடைவெளியில். 24ஆம் தேதி பன்னிங் வழக்கமான ஓய்வோடுதான் வீசினார், அப்போதும் 5-3 தோல்வி, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 27ஆம் தேதி மில்வாக்கியிடம் 14-8, அன்றுதான் முதலிடம் கைவிட்டுப் போனது. 30ஆம் தேதி 8-5. இது பயந்த கை இல்லை, களைத்த கை.

மோக் பக்கமும் பேச வேண்டும். மற்ற பிட்சர்களில் ரே கல்ப்புக்கு முழங்கையில் பிரச்சினை, டென்னிஸ் பென்னட்டுக்குத் தோள்பட்டையில். ஆகஸ்ட்டில் மெட்ஸிடமிருந்து வாங்கி வந்த ஃபிராங்க் தாமஸ் வந்ததும் அடித்து நொறுக்கினார், செப்டம்பரில் கட்டைவிரல் முறிந்து உட்கார்ந்துவிட்டார். மோக்கிடம் ஆட்கள் இல்லை என்பது உண்மை. இருந்தும் ஓய்வெடுத்த சுமாரான பிட்சர், ஓய்வில்லாத பெரிய பிட்சரைவிட மேல் என்றுதான் நான் சொல்வேன், அதுவும் ஆறரை ஆட்டம் கையில் இருக்கும்போது இரண்டு தோல்வியைத் தாங்கிக்கொள்ளலாம்.

விளையாடியவர்கள் விட்டுக்கொடுத்தார்களா என்று பாருங்கள். 25ஆம் தேதி ஆட்டம் சமமாகி நீண்டபோது, பத்தாவது இன்னிங்ஸில் இரண்டு ரன் பின்னால் இருக்கும்போது டிக் ஆலன் பந்தை அடித்துவிட்டு நான்கு பேஸையும் ஓடியே கடந்து ஆட்டத்தைச் சமன் செய்தார், அப்புறம் 12ஆவது இன்னிங்ஸில்தான் தோற்றார்கள். அந்த 14-8 ஆட்டத்தில் காலிசன் அடித்தது மூன்று ஹோம் ரன். அடுத்து செயின்ட் லூயிஸில் அதே காலிசன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே வந்து ஒரு ஹிட் அடித்து முதல் பேஸில் நின்றார், குளிருக்கு மேல்சட்டை கொண்டு வந்து கொடுத்தார்கள், விரல்கள் நடுக்கத்தில் அதை மூடக்கூட முடியவில்லை. எதிரணியின் முதல் பேஸ்காரர் பில் வைட் மூடி விட்டார். பட்டத்துக்காகப் போட்டி போடுகிறவர்கள் இருவரும். எனக்கு அந்த சீசனில் மிகப் பிடித்த காட்சி இதுதான். அந்த மனிதர் நடுங்கினார், உண்மை, ஆனால் நீங்கள் சொல்கிற நடுக்கம் அது இல்லை.

டிக் ஆலனைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். முதல் முழு சீசன், 22 வயது, 201 ஹிட், 29 ஹோம் ரன், சிறந்த புதுமுகம் விருது. பழக்கமில்லாத மூன்றாம் பேஸில் நிறுத்தினார்கள், பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் 41 பிழை செய்தார், சொந்த ரசிகர்களே கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். நேஷனல் லீகில் கறுப்பினத்தவரைக் கடைசியாகச் சேர்த்த அணி ஃபில்லிஸ், 1957 வரை ஒருவரும் இல்லை. 1964 ஆகஸ்ட் கடைசியில் மைதானம் இருந்த வட பிலடெல்பியாவிலேயே இனக் கலவரம் வெடித்தது. அந்த ஊரில், அந்த வருடத்தில், அந்த அணியின் முதல் கறுப்பின நட்சத்திரமாக இருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பின்னாளில் ரசிகர்கள் மேலிருந்து பொருள்களை வீசுகிறார்கள் என்று ஃபீல்டிங் செய்யும்போதும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றார் அவர். 2020 செப்டம்பரில்தான் அவருடைய 15ஆம் எண்ணை இனி யாரும் அணியக் கூடாது என்று அணி அதற்கு ஓய்வு கொடுத்தது, டிசம்பரில் அவர் இறந்துபோனார், பேஸ்பாலின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2025இல். இவ்வளவு தாமதத்துக்கு எனக்கு எந்த சமாதானமும் கிடையாது.

கடைசி நாளையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. அக்டோபர் 4, ஞாயிறு. செயின்ட் லூயிஸும் சின்சினாட்டியும் சமமாக முதலிடத்தில், ஃபில்லிஸ் ஓர் ஆட்டம் பின்னால். ஃபில்லிஸ் சின்சினாட்டியை வென்று, செயின்ட் லூயிஸ் மெட்ஸிடம் தோற்றால் மூன்று அணியும் சமம். லீகிலேயே மோசமான அணியான மெட்ஸ் முந்தைய இரண்டு நாளும் செயின்ட் லூயிஸை வென்றிருந்தது, ஆகவே நம்பிக்கை இருந்தது. பன்னிங் வீசினார், இந்த முறை மூன்று முழு நாள் ஓய்வுக்குப் பிறகு. சின்சினாட்டியின் சொந்த மைதானத்தில் 10-0, ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

செயின்ட் லூயிஸ் அன்று 11-5 என்று மெட்ஸை வென்றது.